கேனோவில் ஃபிஷ் ஃபைண்டர்: பேட்டரி எது, டிரான்ஸ்டியூசரை எதில் மாட்டுவது?

குந்தா_துடுப்பு

எல்லோருக்கும் வணக்கம். மோட்டார் இல்லாத 15 அடி ஃபைபர் கேனோ, இரண்டு பேர் துடுப்பு போடுவோம். நீலகிரியில் எமரால்டு நீர்த்தேக்கத்தில் இரண்டு பகல் இறங்குவதற்கு அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம். இடையில் சார்ஜ் போட கரண்ட் கிடையாது. கையில் இருப்பது 4 அங்குலத் திரையுள்ள ஃபிஷ் ஃபைண்டர் (ஒலியால் ஆழமும் மீனும் காட்டும் சோனார் மெஷின்), தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் 77/200 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸ்டியூசர். கூட வந்த பிராக்கெட் மோட்டார் படகின் பின்பலகைக்குச் செய்தது. இரண்டு முனையும் கூராக இருக்கும் கேனோவில் அது எங்கேயும் உட்காராது. பைக் பேட்டரி போதும் என்று கடையில் சொல்கிறார்கள். என்ன பேட்டரி எடுப்பது, டிரான்ஸ்டியூசரை எப்படி மாட்டுவது, படகில் ஓட்டை போடாமல் முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோத்தகிரி_சால்டர்

ஓட்டை போட அவசியமே இல்லை தம்பி. மாட்டுவதைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள், நான் பேட்டரிப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் உங்கள் மெஷின் எவ்வளவு இழுக்கிறது என்று அளந்துவிடுங்கள். மல்டிமீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையில் மாற்றிக் குத்தி, பேட்டரியின் பாசிட்டிவ் ஒயருக்கு நடுவில் மீட்டரைக் கோத்து, டிரான்ஸ்டியூசரை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, திரை வெளிச்சத்தை முழுக்க ஏற்றிப் பாருங்கள். 4 அங்குல மெஷின் பெரும்பாலும் கால் ஆம்பியர் பக்கம் காட்டும். மேப் ஓடும் 7 அங்குல மெஷின் ஒரு ஆம்பியரைத் தொடும். பெட்டியில் 200 வாட், 500 வாட் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒலித் துடிப்பு கிளம்பும் அந்தக் கணத்துக்கான கணக்கு அது, பேட்டரியிலிருந்து தொடர்ந்து போவது இல்லை.

கால் ஆம்பியர், தினம் 10 மணி நேரம், இரண்டு பகல். ஆக 5 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு). இதுதான் உங்கள் தேவை.

பைக் பேட்டரியை விட்டுவிடுங்கள். வண்டி கிளம்பும் ஒரு நொடிக்குப் பெரிய கரண்ட் கொடுக்கத்தான் அதைச் செய்கிறார்கள். மெதுவாக அடிமட்டம் வரை இறக்கினால் சீக்கிரமே கெட்டுவிடும். ஆசிட் ஊற்றும் வகையாக இருந்தால் படகு சாயும்போது வழிந்து ஃபைபரையும் துணியையும் அரிக்கும்.

என் கணக்கில் சரியானது 4 செல் லித்தியம் பாஸ்பேட், 12.8 வோல்ட், 6 ஏஎச். 32700 என்று எண் போட்ட உருளை செல் நான்கைத் தொடராக இணைத்தால் இது கிடைத்துவிடும். செல்களைக் காக்கும் பிஎம்எஸ் போர்டோடு சேர்த்து முக்கால் கிலோவுக்குள் அடங்கும். கடைசி பத்து சதவீதம் வரை 13 வோல்ட்டை ஒட்டியே நிற்பதால் திரை மங்காது, மெஷின் நடுவில் அணையாது.

பைகாரா_பழசு

சால்டர் சொல்வது சரிதான், ஆனால் எல்லோருக்கும் லித்தியம் தேவையில்லை. யுபிஎஸ்-இல் வரும் 12 வோல்ட் 7 ஏஎச் சீல்டு பேட்டரி ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் எங்கே கேட்டாலும் கிடைக்கும். விலையும் குறைவு, சார்ஜரும் சாதாரணம். இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். கேனோவில் அதை நடுவில் தரையோடு வைத்துக் கட்டினால் அந்த எடையால் கெடுதல் எதுவும் இல்லை.

மலைக்கு மேல் அதற்கு இரண்டு குறை உண்டு. அட்டையில் போட்டிருக்கும் 7 ஏஎச் சுமார் 25 டிகிரி வெப்பத்தில், 20 மணி நேரத்தில் மெதுவாக இறக்கும்போது கிடைப்பது. காலை 5 டிகிரியில் படகு இறக்கினால் அதில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகும். அடுத்தது, தினமும் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். ஆகவே 3.5 ஏஎச் என்று எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் மெஷினுக்கு 14 மணி நேரம் வரும். ஒரு பகலுக்கு மேல் என்றால் இரண்டாவது பேட்டரி வேண்டும், அப்போது எடை ஐந்து கிலோவை நெருங்கும். அந்த இடத்தில்தான் லித்தியம் ஜெயிக்கிறது.

இதற்கு சார்ஜ் போடும்போது பெட்டி மூடியைத் திறந்து வையுங்கள். சீல்டு என்று பெயர் இருந்தாலும் அதிகமாகச் சார்ஜ் ஏறினால் வால்வு வழியாக ஹைட்ரஜன் வெளியே வரும்.

குந்தா_துடுப்பு

அண்ணா, செல் வாங்கி நானே கட்டலாமா? ஃப்யூஸ், ஒயர், பெட்டி எல்லாம் என்ன அளவு?

கோத்தகிரி_சால்டர்

ஸ்பாட் வெல்டிங் இல்லாவிட்டால் நிக்கல் பட்டை ஏற்கெனவே ஒட்டிய செல்லாக வாங்குங்கள். செல்லின் முகத்தில் நேராக சால்டர் வைக்கக் கூடாது, சூடு உள்ளே போய் சீலைக் கெடுக்கும். போர்டு 4 செல், 3.2 வோல்ட் வகைக்கானது என்று கேட்டு வாங்குங்கள். 3.7 வோல்ட் லித்தியம் அயானுக்கான போர்டும் பார்க்க அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். அதைப் போட்டால் பாஸ்பேட் செல் அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகும். சார்ஜர் 14.6 வோல்ட்.

பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் வர வேண்டும். மெஷின் பக்கம் மாட்டுவது பிரயோஜனமில்லை. நடுவில் ஒயர் நசுங்கி ஷார்ட் ஆனால் பேட்டரிக்கும் நசுங்கிய இடத்துக்கும் இடையில் தடுக்க ஒன்றும் இருக்காது, ஒயர் எரியும். கையேட்டில் போட்டிருக்கும் ஆம்பியர்தான் போட வேண்டும். இந்த அளவு மெஷின்களுக்குப் பெரும்பாலும் 3 ஆம்பியர் சொல்வார்கள். கார் கடையில் கிடைக்கும் பிளேடு ஃப்யூஸ், ரப்பர் மூடியுள்ள ஹோல்டர் போதும். உபரியாக இரண்டு ஃப்யூஸை மூடிக்குள் டேப்பால் ஒட்டி வையுங்கள்.

ஒயர் 1 சதுர மில்லிமீட்டர், பல இழை செம்பு. ஒரு மீட்டர் நீளத்துக்குக் கால் ஆம்பியரில் வோல்ட் இழப்பு ஒரு பொருட்டே இல்லை. மெல்லிய ஒயர் எடுக்காததற்குக் காரணம் அது அறுந்துபோகும் என்பதுதான். இணைப்புக்கு எக்ஸ்டி60. தலைகீழாகக் குத்தவே முடியாது என்பதால் குளிரில் விரல் மரத்த நேரத்திலும் பிளஸ் மைனஸ் மாறாது. ஆனால் அது தண்ணீர் புகாத கனெக்டர் இல்லை, ஆகவே பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

பெட்டி என்பது நான்கு பக்கமும் கிளிப் போடும், ரப்பர் வளையமுள்ள 2 லிட்டர் சாப்பாட்டு டப்பாதான். பக்கவாட்டில் 12.5 மி.மீ. துளை போட்டு பிஜி7 கேபிள் கிளாண்ட் மாட்டினால் ஒயர் வெளியே வரும், தண்ணீர் உள்ளே போகாது. துளையை டப்பாவின் மேல் பாதியில் போடுங்கள். பேட்டரி உள்ளே ஆடாமல் ஃபோம் வைத்து இறுக்க வேண்டும். முக்கால் கிலோ பேட்டரியோடு 2 லிட்டர் டப்பா மிதக்கும். அப்படியும் படகின் குறுக்குக் கட்டையோடு கட்டிப் போடுங்கள், கவிழ்ந்தால் டிரான்ஸ்டியூசர் ஒயரையும் பிய்த்துக்கொண்டு போகும்.

மலையில் பலர் மறப்பது பனி ஈரத்தை. மூடுபனிக்குள் டப்பாவைத் திறந்து மூடினால் உள்ளே அடைபட்ட ஈரம் ராத்திரி குளிரில் முத்து முத்தாக முனைகளில் படியும். இரண்டு சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு, முனைகளில் மெல்லிசாக வாசலின் தடவிவிடுங்கள். டப்பாவைக் கிளம்பும் முன் வீட்டிலேயே மூடிவிட வேண்டும். ஏரிக்கரையில் திறப்பதே வேண்டாம்.

பைகாரா_பழசு

இதோடு ஒன்று சேர்க்கிறேன். லித்தியம் பாஸ்பேட்டை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் போடக் கூடாது. பயன்படுத்தலாம், சார்ஜ்தான் ஆகாது. உறைகுளிரில் சார்ஜ் ஏற்றினால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கொள்ளளவு போய்விடும். டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா, அவலாஞ்சி பக்கம் புல்மேல் உறைபனி விழுகிற நாளில் ராத்திரி வெளியே இருந்த பேட்டரியை எடுத்து உடனே சார்ஜரில் செருகாதீர்கள். அறைக்குள் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து, தொட்டால் சில்லென்று இல்லாத நிலை வந்த பிறகு போடுங்கள்.

மன்னவனூர்_பரிசல்

பவர் பேங்க் வைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்களா? 20,000 எம்ஏஎச் ஒன்று சும்மா கிடக்கிறது.

கோத்தகிரி_சால்டர்

ஓட்டலாம், மூன்று விஷயம் பார்க்க வேண்டும் சார்.

20,000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, அதாவது 74 வாட்-அவர். மாற்றும்போது போகும் இழப்பைக் கழித்தால் 60 சொச்சம். உங்கள் மெஷின் 3 வாட் என்றால் 20 மணி நேரம் வரும். 6 ஏஎச் லித்தியம் பாஸ்பேட்டைவிடக் கொஞ்சம் குறைவு.

5 வோல்ட்டை 12 ஆக உயர்த்தும் மலிவான கேபிளைத் தவிர்த்துவிடுங்கள். அதிலுள்ள சுவிட்சிங் இரைச்சல் சோனாருக்குள் புகுந்து திரை முழுக்கப் புள்ளிக் கோடாக ஓடும். டைப்-சி பிடி (பவர் டெலிவரி) வசதியுள்ள பேங்க் என்றால், வேண்டிய வோல்ட்டைப் பேங்கிடம் கேட்டு வாங்கும் டிரிகர் கேபிள் வாங்கலாம். பிடி விதிமுறையில் 9, 15, 20 வோல்ட் உண்டு, 12 கட்டாயமில்லை. பல பேங்க் 12 கொடுக்காது. ஆகவே 15 வோல்ட் என்று நிரந்தரமாக அமைத்த கேபிளை எடுங்கள், 15 கொடுக்கிற பேங்கா என்று அதன் முதுகில் அச்சிட்டிருப்பதையும் படித்துப் பாருங்கள். பட்டன் அழுத்தி வோல்ட் மாற்றும் கேபிள் படகில் ஆபத்து, கைபட்டு 20-க்குத் தாவும். உங்கள் மெஷின் தாங்கும் எல்லை 10–20 வோல்ட்டா, 10–17 வோல்ட்டா என்பது மெஷினின் பின்புறம் இருக்கும்.

கடைசியாக, குறைந்த கரண்ட் இழுத்தால் 'யாரும் இல்லை' என்று நினைத்துத் தானே அணைந்துகொள்ளும் பேங்குகள் உண்டு. வீட்டில் மூன்று மணி நேரம் தொடர்ந்து ஓட்டிப் பார்த்துவிட்டு எடுத்துப் போங்கள்.

சில்வர்_ஓக்

மாட்டும் வேலைக்கு வருகிறேன். கேனோவுக்கு நான் சொல்வது பக்கவாட்டுக் கை. படகில் ஒரு ஆணி கூட அடிக்க வேண்டாம், அஞ்சு நிமிஷத்தில் கழற்றிவிடலாம்.

இரண்டு விளிம்புக்கும் குறுக்கே ஒரு கட்டை. நம்ம தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக்கே போதும், 50க்கு 25 மி.மீ., அந்த இடத்தில் படகின் அகலத்தைவிட 10 செ.மீ. கூடுதல் நீளம், எல்லாப் பக்கமும் இரண்டு பூச்சு வார்னிஷ். அறுத்த முனைகளில் மூன்று பூச்சு போடுங்கள், தண்ணீர் குடிப்பது அங்கேதான். கட்டையை 3 அங்குல சி-கிளாம்ப் இரண்டால் விளிம்போடு இறுக்க வேண்டும், நடுவில் சைக்கிள் டியூப் துண்டு வைத்து. டியூப் இல்லாமல் இறுக்கினால் ஃபைபரின் ஜெல் பூச்சு கீறும், கிளாம்பும் வழுக்கும்.

இறங்கும் கைக்குப் பலர் 25 மி.மீ. பிவிசி பைப் போடுகிறார்கள். வேலை செய்யும். ஆனால் உருண்டைப் பைப் தண்ணீரைக் கிழிக்கும்போது பின்னால் சுழல் எழும், கொஞ்சம் வேகம் கூடினால் நடுங்கி 'ம்ம்ம்' என்று சத்தம் கொடுக்கும், அந்தக் குமிழி டிரான்ஸ்டியூசர் முகத்தில் போய் ஒட்டும். 25க்கு 6 மி.மீ. அலுமினியப் பட்டையை மெல்லிய ஓரம் முன்னால் பார்க்கும்படி வைத்தால் இந்தத் தொல்லை இருக்காது. நீளம் 50 செ.மீ. எடுத்துக்கொண்டு, இரண்டு பேரும் சாமானும் ஏறிய பிறகு தண்ணீரில் வைத்து அளந்து வெட்டுங்கள்.

அந்த அளவுதான் முக்கியம். டிரான்ஸ்டியூசரின் முகம் படகின் அடிமட்டத்துக்குச் சமமாக, இல்லாவிட்டால் ஒரு விரல் கீழே இருக்க வேண்டும். இரண்டு பேர் ஏறிய கேனோ சுமார் அரைச் சாண் மூழ்கும். முகம் அதைவிட மேலே நின்றால் படகின் வயிறே ஒரு பக்கத்தை மறைக்கும்.

கட்டையும் பட்டையும் சேரும் இடத்தில் 8 மி.மீ. ஸ்டெயின்லெஸ் போல்ட் ஒன்றே ஒன்று. இரண்டு பக்கமும் பெரிய வாஷர், நடுவில் டியூப் ரப்பரில் வெட்டிய வட்டம், வெளியே நைலான் வைத்த நட். துடுப்பு வேகத்தில் அசையாமல் நிற்க வேண்டும், கையால் அழுத்தித் தள்ளினால் பின்பக்கமாக மடங்க வேண்டும், அந்த அளவுக்கு இறுக்கம். இதை யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். இவை பள்ளத்தாக்கை அணை கட்டி நிரப்பிய தண்ணீர். நீர்மட்டம் இறங்கிய மாதங்களில் பழைய மரக் கட்டைகளும் பாறையும் கையளவு ஆழத்தில் இருக்கும். மடங்காத கை மோதினால் டிரான்ஸ்டியூசர் உடையும், அதைவிட மோசம், படகு அந்தப் பக்கம் சாயும். பட்டையின் நுனியில் ஒரு மீட்டர் கயிறு கட்டி மேலே கொண்டுவந்தால் கரை ஒதுங்கும்போது தூக்கிக்கொள்ளலாம்.

எந்தப் பக்கம்? பின்னால் உட்காருகிறவருக்குச் சற்று முன்னால், அவர் வழக்கமாகத் துடுப்பு போடாத பக்கம். முன்னால் இருப்பவரின் துடுப்பு கிளப்பும் குமிழி அந்தப் பக்கமாக வந்தால் இன்னும் அரை அடி பின்னால் தள்ளுங்கள்.

டிரான்ஸ்டியூசர் ஒயரை எந்தக் காரணத்துக்கும் வெட்டி நீட்டவோ குறைக்கவோ கூடாது. மிச்ச ஒயரை 8 வடிவத்தில் மடக்கிக் கட்டையோடு கட்டுங்கள். பேட்டரி ஒயரோடு ஒட்டிப் போகவிட வேண்டாம், ஒரு கையகலம் தள்ளியே வையுங்கள்.

நீர்மட்டம்

ஃபைபர் கேனோ என்றால் இவ்வளவு சிரமம் எதற்கு? டிரான்ஸ்டியூசரைப் படகின் உள் அடியில் வைத்து, ஃபைபர் வழியாக உள்ளேயிருந்தே ஒலியைச் சுடலாமே. திடமான ஃபைபர் 4, 5 மி.மீ. கனம்தான், ஒலி தாராளமாகக் கடக்கும். வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது, கட்டையில் மோதாது, களை சிக்காது. கொடைக்கானல் ஏரி மாதிரி களை மண்டிய தண்ணீரில் பக்கவாட்டுக் கை பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கொத்தாகக் களையை அள்ளிக்கொண்டு வரும்.

ஒட்டும் முன் சோதித்துப் பார்க்கலாம். படகின் உள் அடியில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, அதில் டிரான்ஸ்டியூசரை அழுத்தி வையுங்கள். 8, 10 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் காட்டும் எண்ணையும் அடித்தளக் கோட்டின் தடிப்பையும் பாருங்கள். பிறகு அதே இடத்தில் வெளியே தொங்கவிட்டுப் பாருங்கள். எண் ஒன்றாக, கோடு கொஞ்சம் மெலிந்து இருந்தால் அந்த இடம் சரி. ஆழமே காட்டாமல் தடுமாறினால் அங்கே இரண்டு அடுக்குக்கு நடுவில் ஃபோமோ மரமோ காற்றோ இருக்கிறது, வேறு இடம் தேடுங்கள்.

நிரந்தரமாக ஒட்ட 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, மெதுவாக இறுகும் எபாக்சியைக் குமிழி வராமல் கலக்கி ஊற்றி, டிரான்ஸ்டியூசரைத் திருகிக்கொண்டே அழுத்த வேண்டும். சீக்கிரம் இறுகும் வகை சூடாகி நுரைக்கும். ஒரு குமிழி சிக்கினாலும் போச்சு, ஒலி காற்றில் பட்டுத் திரும்பிவிடும். கழற்றி மாட்ட வேண்டும் என்றால் 4 அங்குல பிவிசி மூடியின் வளையத்தை அடியில் ஒட்டி, அதற்குள் திரவம் நிரப்பி, டிரான்ஸ்டியூசரை மூழ்க வையுங்கள்.

பெரிஜம்_பனி

அந்த வளையத்துக்குள் தேங்காய் எண்ணெய் ஊற்றச் சொல்லி சமவெளியில் சிலர் சொல்வார்கள். மலையில் ஆகாது. 24 டிகிரிக்குக் கீழே கட்டி தட்ட ஆரம்பிக்கும், நடுவில் வெடிப்பும் காற்றும் விழும். மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின், இல்லாவிட்டால் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்த தண்ணீர். தண்ணீரை ராத்திரி வடித்துவிடுங்கள், உறைந்தால் ஒட்டிய இடம் விடும்.

சில்வர்_ஓக்

நீர்மட்டம் சார், உள்ளேயிருந்து சுடுவது ஆழம் மட்டும் பார்க்கப் போதும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை என்று எதிரொலி ஃபைபரை இரண்டு முறை கடக்கிறது. சின்ன மீனின் எதிரொலிதான் முதலில் காணாமல் போகும். 455, 800 கிலோஹெர்ட்ஸில் படம் போல் காட்டும் டவுன் ஸ்கேன் வகை என்றால் கிட்டத்தட்ட ஒன்றும் தெரியாது. டிரான்ஸ்டியூசரில் உள்ள வெப்பமானியும் தண்ணீரைத் தொடாது, படகின் அடியைத்தான் அளக்கும். அவலாஞ்சி, எமரால்டு பக்கம் குளிர்நீர் மீனான டிரவுட் தேடுகிறவருக்கு அந்த எண் வேண்டும். 20 டிகிரிக்கு மேல் சூடான மேல்தண்ணீரில் டிரவுட் நிற்காது, குளிர்ந்த அடுக்குக்கு இறங்கிவிடும்.

நீர்மட்டம்

வெப்பநிலை விஷயம் சரி. மிரர் கெண்டை பிடிக்கிறவர்களுக்கு அது பெரிய குறை இல்லை. களையுள்ள ஏரிக்கு என் கருத்தை மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

மன்னவனூர்_பரிசல்

பரிசலுக்கு இரண்டும் ஒத்துவராது. மூங்கில் பின்னல் பரிசலில் பின்னலுக்கும் தாருக்கும் நடுவில் காற்று இருப்பதால் உள்ளேயிருந்து சுடவே முடியாது. காற்றடைத்த கயாக்குக்கும் இதே கதை. பக்கவாட்டுக் கை வைத்தால் பரிசல் ஒவ்வொரு துடுப்புக்கும் திரும்புவதால் கை குறுக்காகத் தண்ணீரைத் தள்ளும். தூக்கி எறியும் பந்து வகை சோனார்தான் இதற்குச் சரி. ஒரு மீட்டர் நூலில் கட்டி, துடுப்பு போடாத பக்கம் மிதக்கவிட்டு போனில் பார்க்கலாம். அதில் தனி பேட்டரி இருக்கிறது, சில மணி நேரம் ஓடும். முதலில் தீர்ந்துபோவது போன் பேட்டரிதான்.

பெரிஜம்_பனி

மெஷின் காட்டுவதைப் படிக்கத் தெரியாவிட்டால் பேட்டரியும் கையும் வீண், அதனால் இதையும் எழுதுகிறேன்.

உங்கள் டிரான்ஸ்டியூசரின் 200 கிலோஹெர்ட்ஸ் கற்றை சுமார் 15 டிகிரி, 77 கிலோஹெர்ட்ஸ் சுமார் 45 டிகிரி விரியும். 3 மீட்டர் ஆழத்தில் முதலாவது தரையில் 80 செ.மீ. வட்டத்தைப் பார்க்கிறது, இரண்டாவது இரண்டரை மீட்டரை. 20 மீட்டர் ஆழத்தில் 5 மீட்டருக்குச் சற்று மேல், 16 மீட்டருக்குச் சற்று மேல். சமதரை ஏரியில் அகலக் கற்றை நல்லது, நிறையத் தேடும். மலைப் பள்ளத்தாக்கு நீர்த்தேக்கத்தில் அதுவே ஏமாற்றும்.

காரணம் இது. மெஷின் முதலில் திரும்பி வரும் வலுவான எதிரொலியைத்தான் தரை என்று எடுத்துக்கொள்ளும். கரை 30 டிகிரி சரிந்திருக்கிறது, உங்களுக்கு நேர் கீழே 20 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 45 டிகிரி கற்றையின் ஓரம் மேட்டுப் பக்கத்துச் சரிவை சுமார் 17.5 மீட்டரிலேயே தொட்டுவிடும். திரையில் 17.5-இல் தரை வந்துவிடும். அதற்குக் கீழே உள்ள இரண்டரை மீட்டரில் நிற்கும் மீன் தரையின் எதிரொலிக்குள் புதைந்துபோகும். 15 டிகிரி கற்றையில் இந்த மறைவு ஒன்றேகால் மீட்டராகக் குறையும். எமரால்டின் செங்குத்துக் கரைகளில் 200-ஐ மட்டும் வைத்து, கரைக்கு இணையாகப் போகாமல் கரையிலிருந்து நேராக உள்ளே போய்ப் பாருங்கள், சரிவின் உருவம் திரையில் தெளியும்.

அமைப்பில் நன்னீர் என்று மாற்றிவிடுங்கள். ஒலி 10 டிகிரி நன்னீரில் நொடிக்குச் சுமார் 1,447 மீட்டர் போகிறது. கடல் அமைப்பு 1,500-க்குக் கணக்கிடும், 20 மீட்டரை 20.7 என்று காட்டும். மீன் படம் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள், அது களையையும் குமிழியையும் மீன் என்று வரையும். நின்ற படகின் கீழே நின்ற மீன் வளைவாக வராது, நீளக் கோடாக வரும். படகோ மீனோ கற்றையைக் கடந்தால்தான் வளைவு.

இன்னொன்று, ஆழத்தைக் குறித்து வைப்பவர்கள் அன்றைய நீர்மட்டத்தையும் சேர்த்து எழுதுங்கள். இவை மின்வாரியத்தின் நீர்த்தேக்கங்கள், மட்டம் ஏறி இறங்கும். போர்த்திமந்தை மேலேயும் அவலாஞ்சி–எமரால்டைக் கீழேயும் வைத்த குந்தா நீரேற்று மின்திட்டம் ஓடும்போது ஒரே நாளிலும் மாறும். மின்வாரியம், வனத்துறை, மீன்வளத்துறை மூன்றிலும் எழுத்தில் அனுமதி இல்லாமல் படகைத் தண்ணீரில் வைக்கவே கூடாது. மேல் பவானி, முக்குருத்தி பக்கம் யோசிக்கவே வேண்டாம். பெரிஜம் ஏரியும் காப்புக்காட்டுக்குள் இருக்கிறது.

குந்தா_துடுப்பு

மிக்க நன்றி. பக்கவாட்டுக் கையை அலுமினியத்தில் செய்கிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். சோலார் தகடு எடுத்துப் போவது பயன்படுமா? நேற்று தொட்டியில் போட்டுப் பார்த்தபோது ஆழம் வரவே இல்லை, கோடு மட்டும் ஓடுகிறது. டிரான்ஸ்டியூசர் கெட்டதா?

கோத்தகிரி_சால்டர்

10 வாட் தகடு நல்ல வெயிலில் அரை ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல் கொடுக்கும், நாலு மணி நேர வெயிலுக்கு 2 ஏஎச். மூடுபனி இறங்கினால் அதில் பத்தில் ஒன்று கூட வராது. மலையில் மதியத்துக்கு மேல் வெயிலை நம்பிக் கணக்குப் போட முடியாது. இரண்டு பகலுக்கு 6 ஏஎச் போதும் என்பதால் தகடு வேண்டாம். எடுத்தால் லித்தியம் பாஸ்பேட் அமைப்புள்ள கன்ட்ரோலர் வேண்டும், சோனார் ஓடும்போது அதைக் கழற்றி வையுங்கள், இரைச்சல் வரும்.

ஒரு எச்சரிக்கை. லித்தியம் பாஸ்பேட்டின் வோல்ட்டைப் பார்த்து மிச்சம் எவ்வளவு என்று சொல்ல முடியாது. 13.2-லிருந்து 12.8 வரை இறங்குவதற்குள் பெரும்பகுதி தீர்ந்திருக்கும், 12-க்கு வந்தால் கடைசிக் கட்டம், பிறகு பிஎம்எஸ் சட்டென்று வெட்டிவிடும். ஓடிய மணி நேரத்தைக் குறித்துக்கொள்வதே நம்பகமானது. மெஷினில் குறைந்த வோல்ட் அலாரம் இருந்தால் 12.4-இல் வையுங்கள்.

சில்வர்_ஓக்

தொட்டியில் ஆழம் வராதது கெட்டதற்கு அடையாளம் இல்லை தம்பி. அரை மீட்டருக்குக் குறைந்த தண்ணீரில் இந்த மெஷின்களால் தரையைப் பிரித்தறிய முடியாது, சிமென்ட் சுவரில் பட்டு எதிரொலி பத்து தடவை வேறு வரும். கிணற்றிலோ ஆழமான குளத்திலோ இறக்கிப் பாருங்கள். அதற்கு முன் மூன்று காரியம். மெஷின் டெமோ நிலையில் இல்லை என்று பாருங்கள். டிரான்ஸ்டியூசர் வகை மெனுவில் சரியாக இருக்கிறதா பாருங்கள். முகத்தில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விடை விரலால் தேய்த்துக் கழுவுங்கள். புது பிளாஸ்டிக்கில் எண்ணெய்ப் பசை இருக்கும், தண்ணீர் ஒட்டாமல் மெல்லிய காற்றுப் படலம் நிற்கும், அதுவே ஒலியை மறைத்துவிடும்.

தண்ணீரில் இறக்கியும் கோடு நிற்கவில்லை என்றால் போன் சார்ஜர், கேமரா என்று அதே பேட்டரியில் மாட்டியிருக்கும் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது திரை சுத்தமாகிறதோ அதுதான் காரணம். அதற்கு வேறு பேட்டரி.